வார நடுவில் ஒரு கிண்ண ஆட்டம்

தோட்டப்புறக் காற்பந்து என்றதும் ஞாயிற்றுக்கிழமை மாலைதான் நம் நினைவுக்கு வருகிறது. அன்று வெட்டு இல்லை. பால் நிறுக்கும் அவசரமும் இல்லை. திடலைச் சுற்றிச் சைக்கிள்களும் மோட்டார் சைக்கிள்களும் நிற்க, பெரியவர் முதல் சிறுவர் வரை கூடிவிடுவர். ஆனால், கிண்ணப் போட்டியின் அட்டவணை நம் ஓய்வு நாளைப் பார்த்து எழுதப்படுவதில்லை. லீக் ஆட்டங்கள் வார இறுதியைப் பிடித்துக்கொள்வதால், கிண்ண ஆட்டங்கள் பல வேளைகளில் செவ்வாய்க்கும் புதனுக்கும் தள்ளப்படுகின்றன. எந்த லீக்கிலும் இடம்பெறாத ஒரு சிறு கழகத்தின் பெயர் குலுக்கலில் வந்து, ஆட்டம் அதன் சொந்தத் திடலிலேயே நடக்க வேண்டும் என்றும் முடிவானால், அக்கழகத்தின் செயலாளருக்கு மகிழ்ச்சியும் கவலையும் ஒரே நாளில் வந்து சேரும். அந்தக் கவலையைப் போக்கும் வழிகளையே இக்கட்டுரையில் ஆராய்கிறோம்.

லீக்கிற்கும் கிண்ணத்திற்கும் உள்ள வேறுபாட்டை முதலில் தெளிவுபடுத்திக்கொள்வோம். லீக்கில் ஓர் ஆட்டத்தில் தோற்றாலும் அடுத்த வாரம் ஈடு செய்யலாம். ஒரே ஆட்டத்தில் முடிவு காணும் கிண்ணச் சுற்றிலோ தோற்றவர் வீடு திரும்ப வேண்டியதுதான். பெரிய குழு சிறிய குழுவிடம் வீழ்வதற்கு இந்த ஏற்பாடே இடம் தருகிறது. பிரான்சு நாட்டின் கிண்ணப் போட்டியில் 2000ஆம் ஆண்டில் நிகழ்ந்ததைக் காண்க. நான்காம் பிரிவைச் சேர்ந்த கலே என்னும் துறைமுக நகரக் கழகம், பகலில் வேறு தொழில் பார்த்து மாலையில் பயிற்சி செய்தவர்களைக் கொண்டே, முதற்பிரிவுக் குழுக்களான ஸ்ட்ராஸ்பூரையும் போர்தோவையும் வென்று இறுதியாட்டம் வரை முன்னேறியது. இறுதியில் நான்ட் குழுவிடம் 2-1 என்ற கணக்கில்தான் தோற்றது. எனினும் நாம் குறித்துக்கொள்ள வேண்டியது வேறொன்று உண்டு. தன் திடல் சிறிதாக இருந்தமையால், அக்கழகம் பிற்சுற்று ஆட்டங்களை வேற்றூர் அரங்கங்களில் ஆட நேர்ந்தது. திறமை இருந்தும் திடல் போதாமற்போவது பணக்கார நாடுகளிலும் உண்டு.

பேராக் மாநிலத்திற்குக் கிண்ணப் போட்டி புதியதன்று. 'எச்.எம்.எஸ். மலாயா' என்ற போர்க்கப்பல், பேராக் உள்ளிட்ட கூட்டு மலாய் மாநிலங்கள் கொடுத்த பணத்தில் கட்டப்பட்டது. அக்கப்பலினர் அளித்த கிண்ணத்திற்கான போட்டி 1921ஆம் ஆண்டு தொடங்கிற்று. ஈயமும் இரப்பரும் விளைந்த மண்ணின் செல்வம் கப்பலாகச் சென்று கிண்ணமாகத் திரும்பியது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். பேராக் அதனை முதன்முறையாக 1926இல் வென்றது. அக்கிண்ணம் 1967இல் மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியபோதும், புதிய பெயரில் அதனை முதலில் ஏந்திய குழு பேராக்தான். பின்னர் 1990இல் எஃப்.ஏ. கிண்ணப் போட்டி தொடங்கியபோது அதன் முதல் வெற்றியாளரும் பேராக்கே. ஈப்போவில் 1965இல் திறக்கப்பட்ட பேராக் அரங்கத்தின் படிக்கட்டுகளில் அமர்ந்து இவ்வெற்றிகளைப் பற்றிப் பேசாத தோட்டத்து இளைஞர் தலைமுறை இல்லை.

இனி நம் திடலுக்கு வருவோம். சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டக் கழகம், ஈப்போ நகரக் குழு ஒன்றை ஒரு புதன்கிழமை மாலை வரவேற்க வேண்டியுள்ளது என வைத்துக்கொள்வோம். திடலில் மின்விளக்குகள் இல்லை. ஆட்டக்காரர்களில் பாதிப் பேர் பால் வெட்டுபவர்கள். ஆட்டத்தை எத்தனை மணிக்குத் தொடங்குவது?

எளிய கேள்வியாகத் தோன்றினும், எல்லாம் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஆட்டத்தின் இரு பாதிகளும் சேர்ந்து 90 நிமிடம். இடைவேளை 15 நிமிடம். காயத்திற்கும் ஆட்டக்காரர் மாற்றத்திற்கும் நடுவர் கூட்டித் தரும் நேரம் ஏறத்தாழ 10 நிமிடம். சமநிலையில் முடிந்தால் கூடுதல் நேரம் 30 நிமிடம். அதற்கு முன்னும் நடுவிலும் சிறு ஓய்வு. அதற்குப் பின்னும் முடிவு தெரியாவிட்டால் பினால்டி உதைகளுக்கு 10 முதல் 15 நிமிடம். ஆக மொத்தம் ஏறக்குறைய 2 மணி 45 நிமிடம். ஈப்போ வட்டாரத்தில் கதிரவன் மறைவது, பருவத்திற்கேற்ப, ஏறத்தாழ 7 மணிக்கும் 7.30க்கும் இடையில். ஐந்து மணிக்குத் தொடங்கினால், வெற்றியை முடிவு செய்யும் கடைசி உதை இருளில் அடிக்கப்படும். ஆகவே 4.15 மணியே பொருத்தம், 4.30ஐத் தாண்டவே கூடாது. தீபாவளியை ஒட்டிய மாதங்களில் பொழுது முன்னதாகவே சாய்வதால் இன்னும் கவனம் தேவை. (நம் நாட்டுக் கடிகாரம் 1982ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் அரை மணி நேரம் முன்னே நகர்த்தப்பட்டதால்தான் ஏழு மணிக்கும் வெளிச்சம் கிடைக்கிறது. அதற்கு முன் நம் தந்தையர் ஆடிய காலத்தில் ஆறரைக்கே பந்து கண்ணுக்குத் தெரியாமற்போகும்.)

பால் வெட்டுபவருக்கு இந்த நேரம் ஒத்துவருமா? விடியற்காலையில் மரத்தின் பால் நன்கு இறங்கும் என்பதால் அவர் வேலை இருட்டோடு தொடங்குகிறது. பால் எடுத்து, நிறுத்து முடிக்க நண்பகலாகிறது. நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றி நடந்த கால்கள் அவை. வீடு சேர்ந்ததும் இலேசான உணவும் போதிய நீரும் உட்கொண்டு, ஒரு மணி நேரமாவது படுத்தெழ வேண்டும். ஆட்டத்திற்குச் சற்று முன்பு வயிறு நிறையச் சோறு உண்பது பெருந்தவறு. ஆலைப் பகுதியில் பணிபுரிவோரின் நிலை வேறு. அவர்களுக்கு முன்கூட்டியே நிருவாகத்தின் எழுத்து வழி ஒப்புதல் வேண்டும். சொல்லாமல் வேலைக்கு வராதிருந்து, ஒரு நாள் கூலியையும் இழந்து, கழகத்தின் நற்பெயரையும் கெடுத்துக்கொள்வதால் பயனில்லை. அட்டவணை வந்த அன்றே செயலாளர் மடல் எழுதிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது.

நாம் 4.15 மணியைத் தேர்ந்தோம். ஆனால் அந்த நேரத்திற்கு ஒரு பகைவன் உண்டு. தீபகற்பத்தின் மேற்குப் பகுதியில், பருவக்காற்று மாறும் ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலும், இடியுடன் கூடிய மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலுமே வருகிறது. 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் மலாக்காவில், பயிற்சியில் ஈடுபட்டிருந்த ஆஸ்திரேலிய இளங் கோல் காவலர் ஒருவர் மின்னலால் தாக்குண்டு, நினைவு திரும்பாமலே அடுத்த மாதம் முதல் நாள் உயிர் நீத்தார். பயிற்சித் திடலில் நேர்ந்தது ஆட்டத் திடலிலும் நேரலாம். திறந்தவெளியில் நிற்கும் இருபத்திரண்டு பேரும் நடுவர்களும் சுற்றி நிற்கும் ஊராரும் செயலாளரின் பொறுப்பிலேயே இருக்கிறார்கள்.

மழை மேகத்தைப் பார்த்து வெட்டுக்குப் போவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் நம்மவர்க்கு வானத்தைப் படிக்கக் கற்றுத்தர வேண்டியதில்லை. ஒரு கணக்கை மட்டும் மனத்தில் இருத்திக்கொண்டால் போதும். ஒளி கண்ட கணமே நம்மை அடைகிறது. ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வீதமே வருகிறது. மின்னலைக் கண்டதும் எண்ணத் தொடங்குக. முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; ஆட்டத்தை உடனே நிறுத்தச் சொல்ல வேண்டும். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழியும்வரை எவரும் திடலில் கால் வைத்தலாகாது. இடையில் மீண்டும் ஓர் இடி கேட்டால் அந்த அரை மணி புதிதாகத் தொடங்கும்.

எங்கே ஒதுங்குவது? திடலோரத்து மரங்களின் கீழ் வேண்டவே வேண்டாம். நான்கு கம்பங்களின் மேல் தகரம் போட்ட திறந்த கொட்டகையும் காப்பாகாது. சுவர்களோடு கூடிய மண்டபம், பள்ளிக் கட்டடம் அல்லது கூரை மூடிய பேருந்து, கார், வேன் ஆகியவையே தக்கவை. ஆகவே மண்டபத்தின் சாவி யாரிடம் உள்ளது என்பதை ஆட்ட நாளுக்கு முன்பே கேட்டு வைக்க வேண்டும். அன்று காலையிலும் நண்பகலிலும் வானிலை ஆய்வுத் துறையின் எச்சரிக்கையைக் கைப்பேசியில் பார்ப்பதும் செயலாளரின் கடமை. ஆட்டத்தை நிறுத்துவது நடுவரின் அதிகாரம். ஆயினும் அவருக்கு எடுத்துச் சொல்லும் பொறுப்பு விருந்தளிக்கும் கழகத்தினுடையது. 'இன்னும் ஐந்து நிமிடந்தானே' என்ற பேச்சுக்கு இங்கே இடமில்லை. இடி நின்றபின் ஆட்டத்தைத் தொடர வெளிச்சம் போதாவிட்டால் என்ன செய்வது என்பதைப் போட்டி விதிகளில் முன்பே படித்து, எதிர்க்குழுவினரிடமும் பேசிவைப்பது நல்லது.

மின்னலால் தாக்குண்டவரைத் தொட்டால் நம்மையும் மின்சாரம் தாக்கும் என்று சிலர் அஞ்சுகின்றனர். அது தவறு, அவர் உடலில் மின்சாரம் தங்கியிருப்பதில்லை. மூச்சும் நாடியும் நின்றிருந்தால் 999க்கு அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்திற்குக் குறையாமல் அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். டென்மார்க் ஆட்டக்காரர் கிறிஸ்டியன் எரிக்சன் 2021ஆம் ஆண்டு சூன் மாதம் கோப்பன்ஹேகனில் ஆடிக்கொண்டிருந்தபோதே இதயம் நின்று விழுந்தார். உடனடியாக மார்பை அழுத்தியதாலும் மின்னதிர்வுக் கருவியாலும் உயிர் பிழைத்து, மீண்டும் காற்பந்தாட வந்தார். ஒவ்வொரு கழகத்திலும் இம்முதலுதவியைக் கற்றவர் இருவராவது இருத்தல் வேண்டும். செம்பிறைச் சங்கத்தையோ செயிண்ட் ஜான் ஆம்புலன்சையோ கேட்டால் பயிற்சிக்கு வழி கிடைக்கும். ஆம்புலன்ஸ் திடல்வரை வரும் பாதையில் மோட்டார் சைக்கிள்களை நிறுத்த விடக்கூடாது.

திடலை அளப்பது அடுத்த வேலை. விதிப்படி நீளம் 90 முதல் 120 மீட்டர். அகலம் 45 முதல் 90 மீட்டர். கோல் கம்பங்களின் இடைவெளி 7.32 மீட்டர், உயரம் 2.44 மீட்டர். பினால்டிப் புள்ளி கோல் கோட்டிலிருந்து 11 மீட்டர். மூலைகள் சரியாக அமைய, கயிற்றில் 6, 8, 10 மீட்டர் அளவில் முக்கோணம் இட்டுப் பார்க்கலாம். எட்டுக்கும் ஆறுக்கும் இடையே அமைவது செங்கோணம். நீற்றாத சுட்ட சுண்ணாம்பைத் தூவிக் கோடு போடும் பழைய வழக்கத்தை அடியோடு விட வேண்டும். அது ஈரம் பட்டால் கொதிக்கும். விழுந்தவர் கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். நீர் கலந்த வெள்ளைச் சுவர்ச் சாயம் போதுமானது. நகர்த்தக்கூடிய கோல் கம்பங்களை நிலத்தோடு இறுகப் பிணைக்காமல் விடுவதும் பேராபத்து. சிறுவர்கள் அதில் தொங்கும்போது கவிழ்ந்து உயிர் போன நிகழ்ச்சிகள் பல நாடுகளில் உண்டு. பார்வையாளர் நிற்கும் கயிறு, எல்லைக் கோட்டிலிருந்து சற்றுத் தள்ளியே இருக்கட்டும்.

ஆட்டம் சமநிலையில் முடிந்தால் வரும் பினால்டி உதை முறைக்கு நம் நாட்டோடு ஓர் உறவு உண்டு என்பதைப் பலர் அறியார். 1968 ஒலிம்பிக்கில் ஓர் ஆட்டத்தின் முடிவு சீட்டுக் குலுக்கிக் காணப்பட்டது. தோற்ற இஸ்ரேல் நாட்டினர் இதற்கு மாற்று முறையைப் பரிந்துரைத்தனர். அதனை உலகக் காற்பந்துச் சம்மேளனம் ஏற்பதற்காக முன்னின்று வாதாடியவர் மலேசியக் காற்பந்துச் சங்கத்தைச் சேர்ந்த கோ யூ தெய்க் ஆவார். 1970ஆம் ஆண்டு சூன் மாதத்தில் அது விதியாயிற்று. ஆட்டம் முடியும்போது திடலில் இருந்தவர்களே உதைக்கலாம். குழுக்கு ஐந்து, மாறி மாறி. அதன்பின்னும் சமமாயின் ஒவ்வொன்றாகத் தொடரும். உதைப்போர் பட்டியலை முதல் நாளே மனத்தில் வைத்திராத பயிற்றுநர் அந்த நேரத்தில் தடுமாறுவார்.

பணத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். 1997ஆம் ஆண்டு விளையாட்டு மேம்பாட்டுச் சட்டத்தின்படி கழகங்கள் விளையாட்டு ஆணையரிடம் பதிவு பெற வேண்டும். பதிவில்லாத கழகத்தின் பெயரில் நன்கொடை திரட்டுவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். இந்தியர் காற்பந்தமைப்பான மிஃபாவின் பெயரில் ஆடிய குழு 2017இல் பிரிமியர் லீக்கிற்கும், பெட்டாலிங் ஜெயா சிட்டி என்ற பெயரில் 2019இல் சூப்பர் லீக்கிற்கும் உயர்ந்தது. 2022ஆம் ஆண்டுப் பருவத்திற்குப் பின் விலகியது. ஏறுவதைவிட நிலைத்திருப்பதற்கு அதிகப் பணம் தேவைப்படுகிறது. நம் கழகத்திற்கு ஆட்ட நாளின் வரவு செலவைத் தனி ஏட்டில் எழுதி, மறு வாரமே உறுப்பினருக்குக் காட்டினால் போதும்.

திடல் நம்முடையதன்று என்பதையும் மறத்தலாகாது. பேராக்கில் எத்தனையோ பழைய இரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. அவற்றோடு திடல்களும் போயின. நிலவுரிமையாளரிடம் அல்லது மாவட்ட அலுவலகத்திடம் எழுத்து வழி அனுமதி பெற்று, அதன் நகலைக் கழகக் கோப்பில் வைத்தால், ஆண்டுதோறும் திடல் பயன்பாட்டில் இருந்ததற்கு அதுவே சான்றாகும். திடலின் எதிர்காலம் பேச்சுக்கு வரும் நாளில் நினைவுகளைவிடத் தாள்களுக்கே மதிப்பு மிகுதி. ஆட்டம் முடிந்ததும் நடுவர் கையொப்பமிட்ட அறிக்கையையும் அக்கோப்பிலேயே சேர்த்துவிட்டு, மூலைக் கொடிகள் நான்கையும் எண்ணி எடுத்து வைக்கவும். மறுநாள் வியாழக்கிழமை, ஐந்தரை மணிக்குப் பெரட்டு.