ஓடிவிட்டுப் படி!



"சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்று சின்ன வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆனால் பரீட்சை வந்ததும் முதலில் மறப்பது அந்தச் சுவரைத்தான். நானும் அப்படித்தான் இருந்தேன்.

எங்கள் குடும்பத்தில் பாலிடெக்னிக் வாசலை மிதித்த முதல் ஆள் நான். அப்பா மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். மூன்றாவது செமஸ்டருக்கு ராத்திரி இரண்டு மணி வரை, உட்கார்ந்த இடத்தை விட்டு அசையாமல் படித்தேன். பலன்? ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸில் அரியர்! சொன்னபோது அப்பா திட்டவில்லை. "மறுபடி எழுதிக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். அவர் திட்டியிருந்தால் தேவலை.

பிறகுதான் ஒரு சோதனையைப் பற்றிப் படித்தேன். ஜெர்மனியின் மூன்ஸ்டர் பல்கலைக்கழகத்தில் 27 இளைஞர்களை வைத்துச் செய்தது, 2007-ல் வெளியானது. ஒரு நாள் சும்மா உட்கார வைத்தார்கள். ஒரு நாள் மெதுவாக ஓட வைத்தார்கள். ஒரு நாள் மூன்று நிமிட வேக ஓட்டம், இரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் பிறகு புதிய சொற்களைக் கற்றுக்கொடுத்தார்கள். வேகமாக ஓடிய பிறகு 20 சதவீதம் விரைவாகக் கற்றார்களாம்! 27 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான். ஆனால் ஓடிப் பார்க்க நமக்கு என்ன செலவு?

காரணம் என்ன? உடல் எடையில் நம் மூளை 2 சதவீதம்தான். ஆனால் செலவழிக்கும் சக்தியோ சுமார் 20 சதவீதம். ஓடும்போது இதயம் வேகமாக ரத்தத்தைத் தள்ளுகிறது. டோபமைன், அட்ரினலின் கூடுகின்றன, கவனம் கூர்மையாகிறது. பி.டி.என்.எஃப். என்ற புரதமும் கூடுகிறது. மூளைச் செல்களின் இணைப்புகள் வலுப்பட இது உரம் மாதிரி.

"அப்படின்னா நாள் பூரா உழைக்கிற உங்க அப்பாவுக்கு?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அவருக்கு வேண்டியது ஓட்டமில்லை, ஓய்வு. பார்ட் டைம் வேலை பார்க்கும் நண்பர்களுக்கும் அதேதான். முதலில் நன்றாகத் தூங்குங்கள். பெஞ்சிலும் பஸ்ஸிலும் உட்கார்ந்தே பொழுதைப் போக்கும் நமக்குத்தான் ஓட்டம்.

இப்போது நான் பத்து மணிக்கே படுத்துவிடுகிறேன். காலையில் அரை மணி நேரம் வேக நடை, நடுவில் கொஞ்சம் ஓட்டம். ஷூ கிடையாது, செருப்புதான். வந்து முகம் கழுவியதும் கஷ்டமான பாடத்தைத்தான் முதலில் எடுப்பேன். "படிக்க அனுப்பினா ஓடிக்கிட்டு இருக்கியே" என்று அம்மா சிரிக்கிறார். ஆனால் நாலு தடவை படித்தும் புரியாத பெண்டிங் மொமெண்ட் டயகிராமை இப்போது புத்தகம் பார்க்காமல் போடுகிறேன்.

ஓடினால் மட்டும் பாஸாக முடியாது. ஓடிவிட்டு உட்கார்ந்து படிக்கவும் வேண்டும். அரியர் பேப்பரை எழுதிவிட்டேன். இந்த மலர் உங்கள் கைக்கு வரும்போது ரிசல்ட்டும் வந்திருக்கும். எப்படி வந்தாலும் காலை நடையை விடுவதாக இல்லை. நீங்களும் வாருங்களேன்!

- இரண்டாம் ஆண்டு மாணவன், இயந்திரவியல் துறை