கூரையில் தொங்கும் கம்பி எவ்வளவு தாங்க வேண்டும்?

அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளில் பல வீடுகளுக்கு அடியில் ஒரு நிலவறை இருக்கும். பனிக்காலத்தில் வெளியே ஓடியாட முடியாதவர்கள், அந்த அறையின் கூரையில் இரண்டு கொக்கிகளை மாட்டி, கயிறு கட்டி, ஒரு குறுக்குக் கம்பியைத் தொங்கவிட்டு உடற்பயிற்சி செய்வதுண்டு. "என் எடை 60 கிலோகிராம், தலா 50 கிலோகிராம் தாங்கும் இரண்டு கொக்கிகள் போதும்" என்று ஒருவர் எண்ணக்கூடும். மாணவர்களே, இந்தக் கணக்கு சரியா?

அவர் அசையாமல் தொங்கினால் சரிதான். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² எனக் கொண்டால், அவர் எடை 600 நியூட்டன். ஒவ்வொரு கொக்கிக்கும் 300 நியூட்டன் பங்கு வரும்.

ஆனால் உடற்பயிற்சி செய்பவர் அசையாமல் இருப்பாரா? உடலை மேலே இழுத்தபின், கைகளைத் தளர்த்தி 30 செ.மீ. தடையின்றி விழுகிறார் என்று கொள்வோம். அடுத்த 10 செ.மீ. தூரத்திற்குள் அவர் உடல் நின்றுவிடுகிறது. மொத்தம் 40 செ.மீ. இறங்கியதில் இழந்த நிலையாற்றல் முழுவதையும் அந்த 10 செ.மீ. தூரத்தில் செயல்படும் விசை ஈடுகட்ட வேண்டும்.

சராசரி விசை = 600 × 40/10 = 2400 நியூட்டன்.

அதாவது எடையைப் போல் நான்கு மடங்கு! ஒரு கொக்கிக்கு 1200 நியூட்டன். அது தாங்கக்கூடியதோ 500 நியூட்டன்தான். இது சராசரியே, உச்ச விசை இன்னும் கூடுதல்.

கயிறுகள் சாய்ந்திருந்தால் தொல்லை மேலும் வளரும். செங்குத்துடன் ஒவ்வொரு கயிறும் 60° கோணத்தில் சாய்ந்தால், அசையாமல் தொங்கும்போதே ஒவ்வொன்றிலும் இழுவிசை 600 நியூட்டன் ஆகிவிடும். எனவே கயிறுகள் செங்குத்தாகத் தொங்குவதே நல்லது.

இனி, கொக்கியை எங்கே பொருத்துவது? அந்நாட்டு வீடுகளின் நிலவறைக் கூரையில் ஏறக்குறைய 40 செ.மீ. இடைவெளியில் மர உத்தரங்கள் இருக்கும். பல வீடுகளில் அவற்றை மறைத்து ஜிப்சம் பலகை அடித்திருப்பார்கள். அந்தப் பலகை ஆளின் எடையைத் தாங்காது. விசை உத்தரத்திற்கே போய்ச் சேர வேண்டும்.

உத்தரத்தின் அடியில் திருகிய கொக்கியை மரை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கும். ஊசலாட ஊசலாட அந்தப் பிடி தளரும். உத்தரத்தின் பக்கவாட்டில் துளையிட்டு, போல்ட்டை ஊடுருவச் செலுத்தி, மறுபுறம் வாஷரும் நட்டும் போட்டால் அது உருவிக்கொண்டு வராது.

அந்தத் துளைக்கும் ஓர் இடம் உண்டு. பாரம் ஏறிய உத்தரம் சற்று வளைகிறது. அதன் மேல்பகுதி அமுங்குகிறது, கீழ்ப்பகுதி நீள்கிறது, நடுவில் இரண்டும் மிகக் குறைவு. ஆகவே பாதி உயரத்திலோ அதற்குச் சற்று மேலோ துளையிடுவது நல்லது. கீழ் விளிம்பை ஒருபோதும் வெட்டக்கூடாது. வலிமை உயரத்தின் இருமடியைப் பொறுத்தது. கால் பங்கு உயரத்தை வெட்டினால், அந்த இடத்தில் எஞ்சும் வலிமை 9/16 பங்குதான். வெட்டிய மூலையிலிருந்து விரிசலும் தொடங்கலாம். இரண்டு மூன்று உத்தரங்களுக்குக் குறுக்கே ஒரு தடித்த கட்டையைப் பொருத்தி, பாரத்தைப் பகிர்வதும் உண்டு.

நம் ஊர்க் கான்கிரீட் கூரையிலும் இதே விதிகள்தான். மின்விசிறிக் கொக்கி மின்விசிறிக்காக அமைந்தது. ஆள் தொங்குவதற்கு அன்று. கூரையைத் துளைக்கும்முன் ஒரு பொறியாளரைக் கேட்பது கட்டாயம்.

செய்து பாருங்கள்: வில் தராசில் ஒரு கல்லைத் தொங்கவிட்டு அளவைக் குறியுங்கள். பிறகு முள் சுழிக்கு வரும்வரை கல்லைக் கையால் உயர்த்தி, சட்டென விடுங்கள். முள் முதலில் எதுவரை இறங்குகிறது? ஏறத்தாழ இருமடங்கு! கல் விழுந்த உயரம் இல்லாமலேயே இவ்வளவு என்றால், குதித்துத் தொங்குபவரின் கொக்கி என்ன பாடுபடும்? கணக்கிட்டுப் பாருங்கள்.