தாய்மொழியும் தந்தை எழுத்தும்

ஈரினப் பெற்றோர்க்குப் பிறந்த குழந்தைக்கு இருவர் மரபையும் எங்ஙனம் வழங்குவது? இவ்வினாவுக்குப் பொருநைக் கழிமுகம் முன்னரே விடை கண்டுள்ளது.

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ குறிப்பிடும் காயல் துறைக்குக் குதிரை வணிகம் தழைத்திருந்தது. இக்கரைக்கு வந்த அரபு வணிகருட் பலர் தமிழ்ப் பெண்டிரை மணந்து வாழ்ந்தனர். அவர்தம் மக்களுக்கு வீட்டில் பேசும் மொழி தமிழ். ஓதும் எழுத்து அரபு. இரண்டையும் இணைத்ததே அரபுத்தமிழ். அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்கு, இருந்த எழுத்துகளிலேயே புள்ளியும் குறியும் சேர்த்துக்கொண்டனர். மார்க்க நூல்களும் மருத்துவ நூல்களும் பாடல்களும் அவ்வெழுத்தில் தோன்றின. மணமகன் மணமகள் இல்லத்தில் வாழும் காயற்பட்டின வழக்கமும் தாய்வழித் தமிழுக்கு அரணாயிற்று.

சொல்வழக்கையும் நோக்குக. 'உம்மா' அரபுவழி வந்த சொல். 'தொழுகை', 'நோன்பு', 'பள்ளிவாசல்' ஆகியனவோ தமிழ். உமறுப்புலவரும் சீறாப்புராண நாட்டுப்படலத்தில் அரபு நாட்டை மருதவளம் மிக்கதாகவே பாடினார்.

இவற்றால் பெறப்படுவது யாது? ஒரு மரபை அன்றாடத்துக்கும் மற்றதை விழாநாளுக்கும் என ஒதுக்கினால், குழந்தை முன்னதையே தனதாக்கிக்கொள்ளும். இரண்டும் ஒரே செயலில் நாள்தோறும் புழங்குதல் வேண்டும்.

இன்று அரபுத்தமிழ் படிப்போர் அருகி வருகின்றனர். ஓதப் பழகிய மாணவர்க்கோ அரபு எழுத்து முன்பே தெரியும். கூடுதலான சில எழுத்துகளையே கற்க வேண்டும். வீட்டில் அத்தகைய ஏடு இருப்பின், படிக்கத் தெரிந்த மூத்தோரிடம் அமர்ந்து ஒரு பக்கமேனும் தமிழெழுத்தில் பெயர்த்தெழுதுக.