தொழும் அறையில் அரூப ஓவியம்

"வண்ணமும் கோடும் மட்டுமே உள்ள அரூப ஓவியத்தின் அச்சுப்படம் வாங்கலாமா ஹஜ்ரத்? எங்களுக்கு இருப்பது ஒரே அறை, தொழுவதும் அதில்தான்" என்று கேட்கிறார் திருவேங்கடத்துச் சகோதரி ஒருவர்.

ஓவியம் தீட்டிப் பிழைத்த ஒருவரிடம், மரங்களையும் உயிரற்றவற்றையும் வரைந்துகொள்ளுமாறு இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் கூறியது புகாரியில் உள்ளது. ஆகவே உயிருள்ளவற்றின் உருவம் இல்லாத படம் தடையில் சேராது.

எனினும் அதன் பொருளைக் கேட்டு வாங்குங்கள். சையித் ஹைதர் ரஸா (1922–2016) வரைந்த 'பிந்து' பார்வைக்கு வெறும் வட்டம். அதன் கருத்தோ இந்துத் தத்துவத்தைச் சார்ந்தது. பொருள் அறியாமல் பிற சமயக் குறியை நம் சுவரில் ஏற்றலாகாது.

இன்னொன்றும் உண்டு. நாயகம் (ஸல்) அவர்கள் ஒருமுறை வேலைப்பாடுள்ள போர்வை அணிந்து தொழுதார்கள். அது தொழுகையில் கவனத்தை ஈர்த்ததால், அதை அபூஜஹ்ம் (ரலி) அவர்களிடம் அனுப்பிவிட்டு, அவருடைய சாதாரணப் போர்வையைக் கேட்டுப் பெற்றார்கள். ஹராம் அல்லாததும் மனத்தைக் கலைக்கும் என்பதே இதில் நமக்குள்ள பாடம்.

எனவே சகோதரி, வாங்கலாம். ஆனால் கிப்லாவை நோக்கிய மேற்குச் சுவரில் மாட்டாதீர்கள். அந்தச் சுவர் மட்டுமே காலி என்றால், படத்தை விட்டுவிடுங்கள். அல்லாஹ் நம் தொழுகையில் உள்ளச்சத்தைத் தந்தருள்வானாக! ஆமீன்.