பனியன் ஊரில் எதைப் படிப்பது?

பிளஸ் டூ முடிவு வந்ததும் திருப்பூர், பல்லடம், அவிநாசிப் பக்கத்து வீடுகளில் ஒரே மாதிரிப் பேச்சு நடக்கும். பையனாக இருந்தால் கம்ப்யூட்டர் சயின்ஸ். பெண்ணாக இருந்து அதுவும் அமையவில்லை என்றால், "ஃபேஷன் டிசைனிங் போட்டுடலாமுங்க, எப்படியும் பனியன் ஊருதானுங்களே" என்று அப்பா முடித்துவிடுவார். பக்கத்து வீட்டுப் பெண் அதைத்தான் படிக்கிறாள். கல்லூரிப் பேருந்து தெருமுனைக்கே வருகிறது. விண்ணப்ப அட்டையில் மேடையில் நடக்கும் மாடல்களின் படம் பளபளக்கிறது. பிள்ளைக்கு எதில் கை போகும் என்ற கேள்வி மட்டும் எழாது. படிப்பு முடிந்ததும் அதே பிள்ளைகள் பெரிய ஃபைலைத் தூக்கிக்கொண்டு கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குகிறார்கள். வருடாவருடம் அவர்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

மருத்துவம், கணினி, சி.ஏ., அரசுத் தேர்வு பற்றியெல்லாம் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். விருப்பமும் மதிப்பெண்ணும் உள்ளவர்கள் தாராளமாகப் போகட்டும். நான் பேசுவது, ஊர்த் தொழிலை நம்பிப் பிழைக்கலாம் என்று நினைக்கிறவர்களிடம்.

திருப்பூரில் ஒரு டி-ஷர்ட் ஒரே கூரையின் கீழ் பிறப்பது குறைவு. நூல் ஓரிடத்தில் வாங்கி, நிட்டிங் இன்னோரிடத்தில் ஓட்டி, சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி என்று தெருத்தெருவாகச் சுற்றிய பிறகுதான் தையலுக்கு வரும். ஒவ்வொன்றும் தனித்தனி ஜாப் ஒர்க் யூனிட். இப்படிச் சிறு யூனிட்டுகள் சேர்ந்த கிளஸ்டர்தான் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிறது. இந்தியப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்துதான் போகிறது. இத்தகைய ஊர்களைப் பற்றி ஆல்ஃபிரெட் மார்ஷல் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர் 1890லேயே எழுதினார். ஒரு தொழில் ஓரிடத்தில் நிலைத்துவிட்டால் அதன் நுணுக்கங்கள் ரகசியமாக இருப்பதில்லை, பிள்ளைகள்கூடத் தங்களை அறியாமல் அவற்றைக் கற்றுக்கொள்கிறார்கள் என்பது அவர் கண்டது.

படிப்பைத் தேர்ந்தெடுக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் இதிலிருந்து வருகிறது. எந்த வேலைக்கு இந்த ஊர்த் தெருக்களிலேயே ஆசான்கள் இருக்கிறார்களோ, எந்த வேலையை வெளிநாட்டு பையர், அதாவது ஆடை வாங்குகிறவர், நம்மிடம்தான் விட்டாக வேண்டுமோ, அந்த வேலைக்கான படிப்பு நல்லது. மற்றதெல்லாம் இரண்டாம் பட்சம்.

முதலில் மெர்ச்சண்டைசிங். பையரோடு மெயிலில் பேசி, சாம்பிள் ஒப்புதல் வாங்கி, துணி வந்ததா, பட்டன் வந்ததா, ஷிப்மெண்ட் தேதி தப்புமா என்று நாள் முழுக்க எல்லோரையும் விரட்டுகிற வேலை. இதற்கு பி.காம். போதும், பி.பி.ஏ. போதும், தெளிவான ஆங்கிலமும், கணக்கும், கோபப்படாத குணமும் வேண்டும். ஏ.சி. அறை என்பதால் எல்லோருக்கும் இதன் மேல் கண். ராத்திரி பதினொரு மணிக்கு போன் வந்தால் எடுக்கிறவர்களுக்கே இது சரிப்படும்.

இரண்டாவது, இயந்திரம். பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கலோ எலக்ட்ரிக்கலோ படித்தவன் சர்க்குலர் நிட்டிங் மெஷினிலும் தையல் மெஷினிலும் பழகிவிட்டால் அவனைத் தேடி வண்டி வரும். மெஷின் நின்றால் முதலாளிக்கு நிமிடத்துக்கு நிமிடம் நஷ்டம். டிப்ளமோ முடித்தவர் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரவும் வழி இருக்கிறது. கதவு எதுவும் மூடிவிடுவதில்லை.

மூன்றாவது, பேட்டர்ன். பின்னல் துணி சலவைக்குப் பின் சுருங்கும், சில துணிகள் பக்கவாட்டில் முறுக்கிக்கொள்ளும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு அளவு போடுகிறவர் பேட்டர்ன் மாஸ்டர். ஆடை விலையில் பெரும்பங்கு துணிக்குத்தான் போகிறது. துணியில் பேட்டர்ன் துண்டுகளை அடுக்கும் மார்க்கரில் ஒரு சதவீதம் துணி மிச்சமானால் பெரிய ஆர்டரில் அது லட்சங்களாகும். தையல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். பேட்டர்ன் மேசையிலோ ஒரு பெண்ணைப் பார்ப்பது அரிது. இப்போது கணினியில் போடும் வேலையாகிவிட்ட பிறகும் அப்படியே இருப்பதற்கு நம் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இல்லை.

நான்காவது, சாயம். சாயம் என்றதும் நொய்யல் ஆறு நினைவுக்கு வரும்; வர வேண்டியதுதான். ஒரத்துப்பாளையம் அணையில் கழிவுநீர் தேங்கி, கீழே இருந்த விவசாயிகளின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 700க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே போகக் கூடாது என்ற நிபந்தனை, குத்துமதிப்பாக உப்பை அள்ளிக் கொட்டிச் சாயம் போட்ட காலத்துக்கு முடிவு கட்டியது. இன்று ஆர்.ஓ., ஆவியாக்கும் கலன், உப்பை மீட்டெடுப்பது என்று பட்டறையில் பாதி வேதியியல் கூடமாகிவிட்டது. வேலை செய்து பழகியவர்கள் ஏராளம். வேதியியல் தெரிந்து வேலை செய்கிறவர்கள் குறைவு. லேபில் எடுத்த ஷேடு பட்டறையில் வரவேண்டும். பகல் வெளிச்சத்தில் ஒத்துப்போன நிறம் கடை விளக்கில் மாறிவிடக் கூடாது. தவறினால் ஆயிரம் கிலோ துணியை மறுபடி சாயத்தில் போட வேண்டும். பி.எஸ்சி. வேதியியலோ, டெக்ஸ்டைல் கெமிஸ்ட்ரியோ, கோவை, சேலம், குமாரபாளையம் பக்கத்து ஜவுளித் தொழில்நுட்பப் படிப்புகளில் ஒன்றோ படித்த பிள்ளைக்கு இங்கே மரியாதை உண்டு. சாயப்பட்டறை லேபில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவன் நான். இதைவிட நிறைவான வேலை இந்த ஊரில் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

இனி ஃபேஷன் டிசைனிங்.

படிப்பு கெட்டது என்று நான் சொல்லவில்லை. இந்த ஊருக்கும் அந்தப் படிப்புக்கும் உள்ள உறவைப் பற்றி ஒரு பொய்க் கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது என்கிறேன். கோடிக்கணக்கில் ஆடை தைக்கும் ஊர், ஆகவே ஆடை வடிவமைப்பவருக்கு இங்கே ஏராளமான வேலை என்பது அந்தக் கணக்கு. நடப்பதோ வேறு. 1970களின் இறுதியில் வெரோனா என்ற இத்தாலிய வணிகர் இங்கே சரக்குக் கேட்டு வந்த நாளிலிருந்து ஏற்றுமதியின் அடிப்படை இதுதான்: என்ன ஆடை, என்ன நிறம், காலர் எப்படி, தையலுக்கும் விளிம்புக்கும் எவ்வளவு இடைவெளி என்று பையர் சொல்வார், நாம் செய்து கொடுப்போம். இன்று அது டெக் பேக் என்ற பெயரில் கோப்பாக வருகிறது. வடிவமைப்பாளர் லண்டனிலோ பாரிஸிலோ நியூயார்க்கிலோ பிராண்டின் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்த நாற்காலியை யாரும் திருப்பூருக்கு அனுப்பப் போவதில்லை.

அப்படியானால் இங்கே அந்தப் படிப்பு முடித்தவர்கள் என்ன செய்கிறார்கள்? சாம்பிள் பிரிவில் உதவியாளர், மெர்ச்சண்டைசருக்கு உதவியாளர், பிரிண்ட் படத்தைக் கணினியில் சரிசெய்பவர். இந்த வேலைகளை பி.காம். படித்தவரும் செய்கிறார், பத்தாவது படித்துவிட்டு மேசையில் பழகியவரும் செய்கிறார். சில லட்சங்கள் கட்டணம் கட்டிய குடும்பம் இதற்காகவா கட்டியது?

வேலை கேட்டு வருகிறவர்களின் ஃபைலைத் திறந்தால் கழுத்து நீண்ட பெண்களின் ஓவியங்கள், மணி வைத்துத் தைத்த ஒரு கவுன், ஃபேஷன் ஷோவில் பரிசு வாங்கிய படம். கையில் ஒரு துணித் துண்டைக் கொடுத்து, இது சிங்கிள் ஜெர்சியா இன்டர்லாக்கா என்று கேட்டால் முகம் வெளுத்துவிடுகிறது. துணியின் எடையைச் சொல்லும் ஜி.எஸ்.எம். எவ்வளவு இருக்கும் என்பதை விரலால் தடவிச் சொல்ல ஒரு செக்கிங் அக்காவால் முடிகிறது, பட்டதாரியால் முடியவில்லை. குற்றம் பிள்ளைகளுடையது அல்ல. நடந்து போகும் தூரத்தில் நிட்டிங் மெஷின் ஓடும் ஊரில், மூன்று வருடம் பாடம் நடத்தியும் ஒரு பட்டறைக்குள் கூட்டிப் போகாத கல்லூரிகளையும், மாடல் படத்தைப் பார்த்துக் கட்டணம் கட்டிய பெற்றோரையும்தான் கேட்க வேண்டும்.

இதற்கு மறுப்பு உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊரிலிருந்து ராம்ராஜ் காட்டன், கிளாசிக் போலோ போன்ற உள்நாட்டு பிராண்டுகள் வளர்ந்திருக்கின்றன. அங்கே வடிவமைப்புக் குழுக்கள் இருக்கின்றன. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, பையர் கையை எதிர்பார்த்தே இருந்தால் என்ன ஆகும் என்பது ஊருக்கே உறைத்தது; சொந்த வடிவமைப்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது. நியாயமான பேச்சுதான். ஆனால் அந்த இடங்கள் ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகளின் எண்ணிக்கைக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. அவற்றுக்கும் துணி தெரிந்த வடிவமைப்பாளரே தேவை.

ஆகவே, யார் சேரலாம்? யாரும் சொல்லாமலே நோட்டு முழுக்க வரைகிற பிள்ளை. நுழைவுத் தேர்வு எழுதி நிஃப்ட், தேசிய வடிவமைப்பு நிறுவனம் (என்.ஐ.டி.) போன்ற இடங்களுக்குள் நுழையக்கூடிய பிள்ளை. பெங்களூரு, மும்பை, டெல்லி என்று பிராண்டுகள் இருக்கும் இடத்துக்குக் குடிபெயரத் தயங்காத பிள்ளை. மூன்றும் பொருந்தினால் தடுக்காதீர்கள். ஊரைவிட்டுப் போகக் கூடாது, அதே சமயம் டிசைனராகவும் வேண்டும் என்றால் இரண்டும் நடக்காது.

சொந்தமாக நான்கு பவர் டேபிள், அதாவது தையல் மெஷின், போட்டுவிடலாம் என்ற யோசனையும் பல வீடுகளில் உண்டு. இந்த ஊரின் பல முதலாளிகள் அப்படி வந்தவர்கள்தான். தொழிலாளியாக இருந்து முதலாளியான கவுண்டர்களைப் பற்றி ஷரத் சாரி என்ற ஆய்வாளர் 2004இல் ஒரு நூலே வெளியிட்டார். ஆனால் அவர்கள் தரையில் நின்று வேலை பழகிய பிறகு மெஷின் வாங்கினார்கள். மெஷினை வாங்கிவிட்டு வேலை பழக நினைக்கிறவர்களின் மெஷின்கள் சீக்கிரமே அடுத்தவர் கைக்குப் போய்விடுகின்றன.

மற்ற ஊர்க்காரர்களும் இதே அளவுகோலைப் பிடித்துப் பார்க்கலாம். கோவையில் பம்பும் மோட்டாரும் வார்ப்படமும் இருக்கின்றன. அங்கே உலோகவியல் தெரிந்தவருக்கு உள்ள தேவை, பொது மேலாண்மை படித்தவருக்கு இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைக்காரர்களுக்குத் தோல் தொழில்நுட்பம் இருக்கிறது. 1948இல் தொடங்கிய மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் சென்னையிலேயே இருக்கிறது. சிவகாசியை எடுத்துக்கொள்ளுங்கள். 1920களின் தொடக்கத்தில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது. அச்சுத் தொழில் வளர்ந்தது. ஒரு தொழிலின் தேவையிலிருந்து அடுத்த தொழில் முளைப்பதை அந்த ஊர் காட்டுகிறது. அந்தத் தேவையை முதலில் பார்க்கிறவருக்கே பலன்.

கடைசியாக, எந்தப் படிப்பானாலும் பொருந்துகிற சில வார்த்தைகள். சேர்வதற்கு முன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு ஒரு நிட்டிங் யூனிட், ஒரு சாயப்பட்டறை, ஒரு தையல் பிரிவு என்று நேரில் போய்ப் பாருங்கள். சொந்தக்காரர் யாராவது ஒருவர் எங்காவது வேலை செய்வார், கேட்டால் காட்டுவார்கள். எந்த இடத்தில் பிள்ளை கேள்வி கேட்கிறது, எந்த இடத்தில் செல்போனை எடுக்கிறது என்று கவனியுங்கள். திறமைக்குச் சோதனையும் உண்டு. 85 வண்ண மூடிகளைச் சாயல் வரிசையில் அடுக்கச் சொல்லும் ஃபார்ன்ஸ்வொர்த்-மன்செல் சோதனையைச் சாய லேபுகளில் பயன்படுத்துகிறார்கள். நிறத்தில் கண் கூர்மையா என்று அதில் தெரிந்துவிடும். கணக்கில் கை ஓடுகிறதா, பேச்சில் சாமர்த்தியமா, ஸ்பேனரைக் கண்டால் கை பரபரக்கிறதா என்பதற்கு அந்தச் சோதனைகூட வேண்டாம். பெற்ற கண்ணே போதும்.

அதன் பிறகு வேண்டியது பொறுமை. முதல் சில வருடங்கள் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். கூடப் படித்தவன் ஐ.டி. கம்பெனியில் வாங்குவதைச் சொல்லி மனதைக் கலைப்பான். சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை கம்பெனி மாறுகிறவர்களுக்கு எந்த வேலையும் முழுதாகப் படிவதில்லை. ஒரே வேலையில் நின்று, ஏன் இப்படி என்று கேட்டுக் கேட்டுப் பழகியவரை இந்த ஊர் கைவிட்டதை நான் பார்த்ததில்லை.

பெற்றோரே, கட்டணம் கட்டும் முன் ஒரு மாலை நேரத்தைப் பிள்ளைக்குக் கொடுங்கள். அடுத்த வீட்டுப் பெண் என்ன படிக்கிறாள் என்பதை விட்டுவிட்டு, உன்னால் பத்து வருடம் சலிக்காமல் எதைச் செய்ய முடியும் என்று கேளுங்கள். வருகிற பதில் உங்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அந்தப் பதிலுக்கே பணம் கட்டுங்கள்.