கட்லட் பழக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு

1. முதலில் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள். 'கட்' என்றால் வெட்டுதல், அதிலிருந்து கட்லட் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது பிழை. பிரெஞ்சில் 'கோத்' என்றால் விலா எலும்பு. சின்ன விலா எலும்பு 'கோத்லெத்'. எலும்போடு அரிந்தெடுத்த இறைச்சித் துண்டுக்கு அங்கே அதுதான் பெயர். ஆங்கிலேயரின் வாயில் அது கட்லட் ஆனது. வெள்ளவத்தைக் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருப்பதோ டின் மீனும் உருளைக்கிழங்கும் சேர்ந்த உருண்டை, எலும்பே இல்லை. பிரெஞ்சுக்காரர் அதைப் பார்த்தால் 'குரோக்கெத்' என்பார். மொறுமொறுவென்று கடிப்பதைக் குறிக்கும் சொல்லில் பிறந்த பெயர் அது. நம் பண்டத்துக்கு அதுவே கூடப் பொருத்தம்.

2. எலும்பு போன இடத்தில் நின்று தாங்குவது கிழங்கு. தோலோடு அவியுங்கள், உரித்து அவித்தால் தண்ணீர் குடிக்கும். டின் மீனை நன்றாக வடித்து, வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலையோடு தாச்சியில் ஈரம் வற்றும்வரை பிரட்டுங்கள். மிளகில் கஞ்சத்தனம் வேண்டாம். தேசிக்காய்ப்புளி இறக்கிய பிறகு. கலவை முழுதாக ஆற வேண்டும். நான் பழகிய காலத்தில் கொட்டாஞ்சேனையில் ஒரு சாமத்திய வீட்டுக்கு, அவசரத்தில் சூட்டோடு உருட்டிப் போட்டேன். அத்தனையும் எண்ணெய்க்குள் வெடித்துப் பிரிந்தன. அந்த வீட்டு அம்மா ஒரு வார்த்தை ஏசவில்லை. அவருடைய முகம் இன்னும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

3. மேலே பூசும் தூளுக்கு முதல்நாள் பாணைக் காயவைத்து இடியுங்கள். பாண் என்பது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். பிரெஞ்சுச் சமையலில் தூள் பூசுவதை 'பனே' என்பார்கள். இரண்டுக்கும் வேர் ஒன்றே: பாணைக் குறிக்கும் 'பானிஸ்' என்ற லத்தீன் சொல். பெயரில் இருக்கும் எலும்பைத் தொலைத்த கட்லட், பாணை மட்டும் விடவில்லை. எனக்கு இதில் தனி மகிழ்ச்சி.

4. மரக்கறி கட்லட்டை மீன் பொரித்த எண்ணெயில் போடாதீர்கள். தூள் ஒட்டுவதற்குத் தோய்க்கும் முட்டைக்குப் பதில் கோதுமை மாவைக் கரைத்துத் தோய்த்தெடுங்கள். வெள்ளிக்கிழமை விரதக்காரர் கேட்காமலே உங்களை நம்பி வாங்குகிறார்.

5. எண்ணெயில் ஒரு சிட்டிகைத் தூள் போட்டுப் பாருங்கள். உடனே நுரைத்து மேலே வந்தால் பதம். ஒரு தடவைக்கு ஆறேழுக்கு மேல் வேண்டாம். எண்ணெய் சூடு இறங்கிவிடும்.

6. பற்றிஸுக்கு அவசரப்படாதீர்கள். அதுவும் பிரெஞ்சு 'பாத்தே'யின் வழிவந்ததுதான், ஆனால் ஓரம் பிரியாமல் மடிக்கக் கை பழக வேண்டும். முதலில் நூறு கட்லட் ஒரே அளவில் உருட்டிக் காட்டுங்கள்.