காய்ச்சல் விட்ட நாளே கவனிக்க வேண்டிய நாள்

"காய்ச்சல் விட்டுவிட்டது, டாக்டர். பிள்ளையை வீட்டுக்கு அழைத்துச் செல்லலாமா?" டெங்குவுக்காக அனுமதிக்கப்பட்ட குழந்தைகளின் பெற்றோர் நான்காம் அல்லது ஐந்தாம் நாளில் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. "இன்னும் இரண்டு நாள் பார்த்துவிடுவோம்" என்பதே பெரும்பாலும் எங்கள் விடை. அவ்விடைக்கான காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

டெங்கு நம் பகுதிக்குப் புதிய நோயன்று. 2012ஆம் ஆண்டின் கோடையில், நமக்கு அண்மையிலுள்ள கடையநல்லூரும் அன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் பிற ஊர்களும் இந்நோயால் பெரிதும் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டில் தமிழகத்தில் 12,000க்கும் மேற்பட்டோருக்கு டெங்கு கண்டறியப்பட்டதாகவும், 60க்கும் மேற்பட்டோர் இறந்ததாகவும் அரசுக் கணக்கு கூறுகிறது.

வைரஸ் சுமை என்றால் என்ன?

ஒருவரது இரத்தத்தில் குறிப்பிட்ட அளவுக்குள் எத்தனை வைரஸ்கள் உள்ளன என்பதே வைரஸ் சுமை. டெங்குவில் இது காய்ச்சலுக்கு ஓரிரு நாள் முன்பே ஏறத் தொடங்கி, காய்ச்சலின் முதல் நாள்களில் உச்சத்தை அடைந்து, ஐந்தாம் நாளையொட்டிப் பெரிதும் குறைந்துவிடுகிறது.

பரவுதலும் வைரஸ் சுமையும்

டெங்கு இருமலாலோ தொடுவதாலோ பரவாது. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவே அதைச் சுமந்து செல்கிறது. நோயாளியின் இரத்தத்தில் வைரஸ் மிகுதியாக இருக்கும்போது கடிக்கும் கொசு எளிதில் தொற்றைப் பெறுகிறது. வியட்நாமின் ஹோ சி மின் நகரில் நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2013இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. தொற்றிய கொசு ஏறத்தாழ 8 முதல் 12 நாள்களுக்குப் பின், தன் வாழ்நாள் முழுவதும் நோயைப் பரப்ப வல்லது.

"நோய்தான் வந்துவிட்டதே, இனிக் கொசுவலை எதற்கு?" என்று சிலர் கேட்பதுண்டு. அந்த வலை நோயாளிக்காக மட்டுமன்று. அருகில் அமர்ந்திருக்கும் பாட்டிக்காகவும், அடுத்த கட்டிலில் இருப்பவருக்காகவும்தான். முதல் ஐந்து, ஆறு நாள்கள் பகலிலும் நோயாளி வலைக்குள் இருப்பது நல்லது.

தீவிரமும் வைரஸ் சுமையும்

டெங்கு வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகையால் ஏற்கெனவே பாதிக்கப்பட்டவரை மற்றொரு வகை தாக்கும்போது, பழைய எதிர்ப்புப் பொருள்கள் புதிய வைரஸை அழிக்க இயலாமல், அது உயிரணுக்களுக்குள் நுழையத் துணைபோவதுண்டு. அதனால் வைரஸ் சுமை மிகுந்து நோய் கடுமையாகும் வாய்ப்பு கூடுகிறது. தொடக்கத்தில் வைரஸ் மிகுந்திருந்த குழந்தைகளுக்கு நோய் தீவிரமாக இருந்ததைத் தாய்லாந்து ஆய்வுகளும் காட்டியுள்ளன.

ஆயினும், ஆபத்து தோன்றுவது வைரஸ் உச்சத்தில் இருக்கும்போது அன்று; அது இறங்கும்போதுதான். வைரஸை எதிர்த்து உடல் நடத்தும் போராட்டத்தின் விளைவாக நுண்ணிய இரத்தக் குழாய்களில் கசிவு ஏற்படுகிறது. இரத்தத்தின் நீர்ப்பகுதி வயிற்றிலும் நெஞ்சுக்கூட்டிலும் தேங்க, எஞ்சிய இரத்தம் கெட்டியாகி, இரத்த அழுத்தம் விழக்கூடும். காய்ச்சல் தணியும் வேளையில் தொடங்கும் இந்நிலை 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். நாங்கள் தட்டணுக்களோடு இரத்தத்தின் அடர்த்தியையும் மீண்டும் மீண்டும் சோதிப்பது இதனால்தான். வைரஸைக் கொல்லும் மருந்து டெங்குவுக்கு இன்னும் நடைமுறையில் இல்லை. உரிய நேரத்தில் உரிய அளவு நீர்ச்சத்து அளிப்பதே உயிர்காக்கும் சிகிச்சை. ஆகவே, வைரஸ் சுமையை அளக்கும் தனிப் பரிசோதனை உங்களுக்குத் தேவைப்படாது.

குடும்பத்தார் செய்ய வேண்டியவை

காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வையுங்கள். எங்கள் கணக்கு அதிலிருந்தே தொடங்குகிறது. பாராசிட்டமாலை மருத்துவர் கூறிய அளவில் மட்டும் கொடுங்கள். ஆஸ்பிரின், இபுபுரூஃபன், வலி ஊசி ஆகியவை இரத்தக்கசிவை மிகுவிக்கும் என்பதால் அவற்றைத் தவிர்க்கவும். கஞ்சி, இளநீர், நம்மூர் எலுமிச்சைச் சாற்றில் உப்பும் சர்க்கரையும் கலந்த நீர் ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம்.

கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கறுப்பு மலம், கைகால் சில்லிடுதல், அமைதியின்மை, மிகுந்த சோர்வு, ஆறு மணி நேரம் சிறுநீர் கழியாமை ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும், காய்ச்சல் இல்லாவிடினும், நள்ளிரவானாலும் உடனே மருத்துவமனைக்கு வாருங்கள்.

வீட்டில் தண்ணீர்த் தொட்டியையும் டிரம்மையும் வாரம் ஒருமுறை காலிசெய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவி மூடி வையுங்கள். சுவரில் ஒட்டிய முட்டைகள் நீரின்றியும் பல மாதங்கள் உயிரோடிருக்கும்.

பிள்ளை நன்கு உண்டு, சிறுநீர் தாராளமாகக் கழித்து, காய்ச்சலின்றி இரண்டு நாள்கள் கடந்த பின், "வீட்டுக்குப் போகலாம்" என்று நாங்களே மகிழ்வோடு சொல்வோம். அதுவரை பொறுத்திருங்கள்.